வாலுக்கு என்ன டோல்?

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்குக் கை கால் சுகம், எனக்கு வாய் சுகம், ஆக மொத்தம் வீடு நன்றாக இருக்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் அங்கே நன்றாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இதைக் கீழே வைத்துவிட்டு உடனே போன் பண்ணு. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய், பின்னால் குக்கர் கத்தும், குட்டி போனைப் பிடுங்கும், கதை சூடு பிடிக்கிற இடத்தில் உனக்கு ஆபீஸ் நேரம் வந்துவிடும். இது பாதியில் விடுகிற சமாச்சாரம் இல்லை. உட்கார்ந்து படி, மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். கடைசிவரை அடக்கி வைக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாத்தனாரை விற்கவில்லை. விற்கப் போவதும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்டா.

நாத்தனார் என்பது நின்றுபோன வண்டிகளை இழுத்து வருகிற நம் ரெக்கவரி வண்டி என்று மருமகளுக்குச் சொல், இல்லாவிட்டால் உன் அத்தையைத்தான் விலை பேசினோம் என்று பயந்துவிடுவாள். வாங்கிய புதிதில் காலையில் அதைத் தாஜா பண்ணாமல் கிளம்பாது, ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டால் நடுரோட்டில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் நான் வைத்த பேர் அது. அத்தைக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம், போன வாரம் வந்திருந்தாள், சர்க்கரை குறைந்திருக்கிறதாம், உன்னைக் கேட்டாள்.

பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டினார்கள் இல்லையா, நீ போன தடவை வந்தபோது ஆற்றில் தூண்கள் மட்டும் மொட்டையாக நின்றன. இப்போது முழுசாகிவிட்டது, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் நடக்க வழி, விளக்கு எல்லாம். கட்டிய செலவுதான் மலையளவு. அந்தச் செலவைப் போகிற வருகிற வண்டிகளிடம்தான் எடுக்க வேண்டும் என்று அக்கரையில் பாலம் ஏறுகிற இடத்தில் டோல்கேட் போட்டு, ஒரு ஆள் உயரத்துக்குப் பலகை வைத்துவிட்டார்கள். சைக்கிளுக்கு ஒன்றும் கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு டீ குடிக்கிற காசு. காருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. அதற்குமேல் சின்ன லாரி, பஸ், பெரிய லாரி என்று அச்சுக்கு அச்சு ஏறிக்கொண்டே போகும். கனமான வண்டி பாலத்தைத் தேய்க்கும், தேய்க்கிறவன் அதிகமாகக் கொடுக்கட்டும் என்பது கணக்கு. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, நியாயம்தான். சண்டை எங்கே வந்தது என்றால், நம் வண்டிக்கு முன்னால் ஒரு அச்சு, பின்னால் ஒரு அச்சு, தனியாகப் போனால் சின்ன லாரி. ஆனால் கொக்கியில் ஒரு காரை மாட்டிக்கொண்டு வந்தால் காரின் இரண்டு அச்சையும் என் கணக்கில் சேர்த்து நான்கு என்று எண்ணிவிடுகிறார்கள். நான்கு அச்சு என்றால் பலகையில் எங்கே போய் உட்காருவேன் தெரியுமா, வீடு கட்டுகிற இரும்புக் கம்பியை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு வருகிற ராட்சச லாரிக்குப் பக்கத்தில். நம் நாத்தனாரையும் ஒரு குட்டிக் காரையும் தனித்தனியாக விட்டால் ஆகிற டோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சேர்ந்து வந்த குற்றத்துக்கு அபராதம்.

ஹைவே அக்கரையில், நம் பட்டறை இக்கரையில். இந்த ஊர்க்காரர்களுடைய வண்டி ஹைவேயில் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நான் போய்க் கொக்கியில் மாட்டி இழுத்து வருவேன், அப்பா ரிப்பேர் பார்ப்பார், நம் பிழைப்பு அதுதான் என்று உனக்குத் தெரியும். இந்த டோலை யார் தலையில் கட்டுவது? வெயிலில் வண்டி நின்று ஏற்கெனவே வெந்துபோயிருக்கிறவரிடம் கேட்டால் என்னைக் கொள்ளைக்காரி மாதிரி பார்க்கிறார். நானே போட்டுக்கொண்டால் அன்றைக்குப் பாடுபட்டது முழுக்கப் பாலத்துக்கே போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போன் வருவது நின்றது. அக்கரையிலேயே எவனிடமாவது விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். அப்பா காலையில் ஸ்பேனரையெல்லாம் துடைத்து அளவுப்படி அடுக்குவார், மத்தியானம் அதையே எடுத்து மறுபடியும் துடைத்து அடுக்குவார். ஒருநாள் நம் வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சி.

அப்போதுதான் நீ சொன்னாய், “வண்டியை வித்துட்டு, பட்டறையை மூடிட்டு, ரெண்டு பேரும் எங்ககிட்டயே வந்துடுங்கம்மா, இந்த வயசுல எதுக்கு இந்தக் கொக்கியும் சங்கிலியும்” என்று. பாசத்தோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. அப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து நாத்தனாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பூசணிக்காயைத் தட்டுவது போல ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். எடைக்குத்தான் எடுப்பாராம். நேற்றுவரை ஊரையே இழுத்து வந்த வண்டி, இன்றைக்கு இத்தனை கிலோ இரும்பு. மாதக் கடைசியில் ஆளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இப்போது சொல்கிறேன், அழுதேன். உங்களுக்குப் பாரமாகிவிடுவோமே என்று இல்லை, நீ பெற்றவளைப் பாரமாக நினைக்கிற பிள்ளை இல்லை. நான் இன்னும் முடிந்துபோகவில்லையே, என்னை எதற்கு இத்தனை சீக்கிரம் மடித்துப் பெட்டியில் வைக்கிறீர்கள் என்றுதான் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், உன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்கும் தெரியும்.

மறுநாளே டோல்கேட் சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன். சின்ன வயசுக்காரர், எப்போது பார்த்தாலும் சட்டை இப்போதுதான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து வந்தது போல மொடமொடவென்று இருக்கும், அதனால் பட்டறையில் அவருக்கு இஸ்திரிச் சட்டை என்று பேர். மரியாதை தெரிந்தவர்தான், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் கேட்டேன், கொக்கியில் தொங்குகிற காரைச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன், லாரியில் ஏற்றுகிற மூட்டைக்கு நீங்கள் தனியாக டோல் வாங்குவதில்லையே என்று. அவர், “அதோட டயர் ரோட்ல படுதுங்க, சரக்குன்னா டயர் படாது” என்றார். சரி, அப்படியானால் கார் என்று வைத்துக் கார் டோல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். “அது தானா ஓடலையே, தானா ஓடினாத்தானே கார்” என்றார். சரக்கும் இல்லை, காரும் இல்லை, பின்னே அது என்னதான் தம்பி என்று கேட்டேன். வெளியே நின்ற நாத்தனாரை எட்டிப் பார்த்துவிட்டு, “அது உங்க வண்டியோட வால் மாதிரிங்க” என்றார். வாலாம்! பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து அந்தப் பலகையை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். சைக்கிள் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, வாலுக்கு என்ன டோல் என்று எங்கேயும் இல்லை.

அந்த வாரமே பல் டாக்டரம்மாவின் கார் ஹைவேயில் நின்றுபோனது, நம் தெரு முனையில் கிளினிக் வைத்திருக்கிறாரே, உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், அவர்தான். மாட்டிக்கொண்டு வந்தேன், அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டோல்கேட் பெண் நான்கு அச்சு என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன், பல் பிடுங்கப்போகிறவர்கள் முகம் அப்படித்தான் போகும். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று இறங்கினேன். கொக்கியைக் கழற்றினேன். நாத்தனாரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். டாக்டரம்மா, நீங்கள் உங்கள் காரில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ள ஆரம்பித்தேன். பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் விஷயம் என்னவென்று கூடக் கேட்காமல் வந்து தோள் கொடுத்தார்கள். கார் நகர்ந்து நகர்ந்து டோல்கேட் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி, மகாராணி மாதிரி, “ஒரு கார்” என்றார். அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், வேர்த்து விறுவிறுத்து நிற்கிற என்னைப் பார்த்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பலகையில் இல்லை. கார் டோலை வாங்கிக்கொண்டு குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டாள். நான் திரும்பிப் போய் நாத்தனாரை ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு சின்ன லாரி என்று சொல்லி அதற்கு உண்டானதைக் கொடுத்து, அந்தப் பக்கம் போய் மறுபடியும் கொக்கியை மாட்டினேன். அந்தப் பெண் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. டோல் குறைந்த சேதி பரவி, மறுபடியும் போன் வர ஆரம்பித்தது. கொக்கியைக் கழற்று, தள்ளு, டோல் கட்டு, மாட்டு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன், தாண்டியதும் ரோடு லேசாகச் சரிவு, தள்ளி விட்ட வண்டி நம்மைக் கேட்காமல் பயணம் கிளம்பிவிடக் கூடாது என்று அவர் கையில் ஒரு மரக்கட்டையோடு டயர் பக்கத்திலேயே ஓடுவார். அந்த வயசில் அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே, லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். திட்டினவர்களும் உண்டு, நான் பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டுத்தான் போனார்கள். ஒரு கல்யாண வேனிலிருந்து மாப்பிள்ளையே இறங்கி வந்து தள்ளினார், கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு. இஸ்திரிச் சட்டை பாவம், ஒவ்வொரு தடவையும் ஆபீசிலிருந்து ஓடி வருவார், பலகையைப் பார்ப்பார், திரும்பிப் போவார். கடைசியில் பொறுக்க முடியாமல் தலைமை ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார். நன்றாக ஓடுகிற வண்டிகளையே நாங்கள் வேண்டுமென்றே வம்புக்குக் கொக்கியில் மாட்டி வந்து தள்ளி நாடகம் போடுகிறோம், வரிசையை நிறுத்துகிறோம், எங்களை டோல்கேட் பக்கமே விடக் கூடாது என்று. விடக் கூடாது என்று முடிவாகிவிட்டால் கதை முடிந்தது, இரும்புக் கடைக்காரர் வர வேண்டியதுதான் பாக்கி.

பாலத்தின் வரவு செலவையெல்லாம் பார்க்கிற மேடம் ஒருவர் நேரில் வருகிறார், உண்மையிலேயே ஓடாத வண்டியைக் கொண்டு வந்து அவர் முன்னால் காட்டுங்கள் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் சாமிக்கு நேர்ந்துகொள்ளாத குறை. அன்றைக்கென்று பாட்டு டீச்சரின் கார் ஹைவேயில் அசையாமல் நின்றது, சாவியைத் திருப்பினால் முனகக் கூட இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம், டீச்சர் அழுகிற முகத்தோடு நிற்கிறார், நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். இழுத்துக்கொண்டு டோல்கேட்டுக்கு வந்தோம். கணக்கு மேடம் நின்றுகொண்டிருந்தார், என் வயசுதான் இருக்கும், கையில் குடை, காலில் ஓடுவதற்குப் போடுகிற ஷூ, எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பக்கத்திலேயே இஸ்திரிச் சட்டை. நான் மேடத்துக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன், சரக்கு, கார், வால் எல்லாம். சொல்லி முடித்து, இப்போது பாருங்கள் மேடம், இந்தக் கார் செத்த கார், ஒரு அடி தானாக நகராது என்று கையை நீட்டினேன். டுர்ரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கார் ஸ்டார்ட் ஆகி நிற்கிறது. பானெட்டுக்குள்ளிருந்து உன் அப்பா தலையை எடுக்கிறார், முகமெல்லாம் சிரிப்பு, “ஒண்ணுமில்ல, பேட்டரி ஒயர் கழண்டிருந்துச்சு, சும்மா நிக்கிறோமேன்னு பார்த்தேன்” என்கிறார்.

என் உயிர் போய்விட்டு வந்தது. மனுஷனுக்கு வண்டி நின்றிருப்பதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கத் தெரியாது, அது வியாதி, அதற்கு மருந்தில்லை. பாட்டு டீச்சர் என்ன ஏது என்று தெரியாமல் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இஸ்திரிச் சட்டை மேடம் பக்கம் திரும்பி, “நான் சொன்னேன்ல மேடம்” என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. மேடம் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. குடையை மடிக்க ஆரம்பித்தார். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா தன் கையைப் பார்த்தார், அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உன்னிடம் வருவதற்கு எந்தப் புடவையெல்லாம் எடுத்து வைப்பது என்று அந்த இடத்திலேயே எனக்கு யோசனை போய்விட்டதுடா.

அப்போது பக்கத்து வரிசையில் புஸ்ஸென்று ஒரு சத்தம். முட்டை ஏற்றி வந்த சின்ன லாரி ஒன்று, மூக்கிலிருந்து ஆவி கக்கிக்கொண்டு, சரியாக டோல் ஜன்னலுக்கு எதிரில் நின்றுவிட்டது. ஒரு வரிசையில் பெயிண்ட் அடிக்கிறோம் என்று கயிறு கட்டி வைத்திருந்தார்கள், இன்னொன்றில் நாங்கள், மிச்சமிருந்த ஒரே வழியில் முட்டை லாரி. பின்னால் ஹாரன் ஆரம்பித்தது, கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டி. நாலு பேர் வந்து தள்ளப் போனார்கள், டிரைவர் குறுக்கே விழுந்து, “ஐயோ தள்ளாதீங்க, குலுங்கினா அத்தனையும் உடைஞ்சிரும்” என்று கும்பிட்டார். மெதுவாகத் தூக்கி, பதமாக இழுத்தால்தான் உண்டு. அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாத்தனாருக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். பானெட்டைத் தொட்டீர்களோ, அப்புறம் ஆயுசுக்கும் மிக்சியைத்தான் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பாவம், கண்ணாடி வழியாக அந்த ஆவியையே பார்த்துக்கொண்டு, பசித்த பிள்ளை பலகாரக் கடையைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்.

இஸ்திரிச் சட்டை ஓடி வந்தார். அதுவரை என்னை மேடம் என்றும் இந்தாங்கம்மா என்றும் கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக “அக்கா” என்றார். “அக்கா, கொஞ்சம் இதை இழுத்து அந்தப் பக்கம் விட்டுடுங்கக்கா” என்றார். இழுக்கிறேன் தம்பி, அதற்குத்தானே இருக்கிறேன், கொக்கியில் மாட்டியதும் அது என்ன என்று மட்டும் சொல்லிவிடுங்கள், வண்டியா, சரக்கா, வாலா என்று கேட்டேன். “இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்குக்கா, இந்த ஒரு தடவை டோலே வேண்டாம், சும்மா போங்க” என்றார். அங்கேதான் நான் நின்றேன் கண்ணா. பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவரிடம், நான் சும்மா போக வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை தம்பி, பாலம் கட்டியவர்களுக்கு என் பங்கைக் கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை, நியாயமான டோல் என்ன என்றுதான் கேட்கிறேன், இன்றைக்குச் சும்மா விட்டுவிட்டு நாளைக்கு நான்கு அச்சு என்பீர்கள், அந்தச் சலுகை எனக்கு வேண்டாம், சொல்லுங்கள், இது என்ன என்றேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

மேடம் சிரித்துவிட்டார். மடித்த குடையை மறுபடியும் விரித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். “முதல்ல மாட்டுங்க, பதில் நான் சொல்றேன்” என்றார். மாட்டினேன், ஒரு முட்டை குலுங்காமல். டோல்கேட் ஓரத்திலேயே, அளவுக்கு மீறி ஏற்றி வருகிற லாரிகளைப் பிடிக்க எடை மேடை இருக்கிறது. அதன்மேல் ஏற்றச் சொன்னார். நாத்தனாரும் முட்டை லாரியும் சேர்ந்து ஏறினோம். மேடைக்கு முன்னால் ஒரு மணல் லாரி நின்றுகொண்டிருந்தது, இரண்டே அச்சு, அதையும் ஏற்றிப் பார்த்தார். எங்கள் இரண்டு வண்டியும் சேர்ந்தே அந்த ஒற்றை மணல் லாரியைவிடக் கனம் குறைவு! மேடம் இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டார். அப்புறம் இஸ்திரிச் சட்டையிடம் சொன்னார், அவரைத் திட்டவில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். “கட்டின செலவைக் கனத்துக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு வாங்கணும், அதுதான் நோக்கம். ஒவ்வொரு வண்டியையும் தூக்கி நிறுத்துப் பார்க்க முடியாதுன்னுதான் அச்சை எண்ணுறோம். எண்ணுறது நம்ம சௌகரியத்துக்கு, அதுக்கு இவங்க தண்டம் கட்ட வேண்டியதில்ல” என்றார். அந்தத் தம்பியும் சும்மா சொல்லக் கூடாது, நேர்மையானவர்தான், “எண்ணச் சொன்னாங்க மேடம், எண்ணினேன்” என்று சொல்லிவிட்டு, தானே போய்க் கட்டையைத் தூக்கிவிட்டார். இரண்டு சின்ன லாரிக்கு உண்டான டோலைக் கொடுத்துவிட்டு, கொக்கியைக் கழற்றாமல், யாரும் தள்ளாமல், உன் அம்மா பாலத்தில் ஏறினாள். வரிசையில் இருந்தவர்கள் மறுபடியும் ஹாரன் அடித்தார்கள், இந்தத் தடவை திட்டி இல்லை. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிப் பாலமே சரியாகத் தெரியவில்லை. முட்டை உடையவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பலகையில் கீழே புதுசாக ஒரு வரி எழுதிவிட்டார்கள், பழுதாகி இழுத்து வரப்படும் வண்டிக்கு அந்த வண்டிக்குரிய டோல், இழுக்கிற வண்டிக்கு அதற்குரிய டோல், சேர்த்து எண்ணக் கூடாது என்று. அது என் வரிடா, வேறு யாருடையதும் இல்லை. இன்னும் கேள், ஒரு வரிசை அடைபட்டு நின்றால் அந்த நேரத்தில் வராமல் போகிற டோலே ஏகப்பட்டதாம், அதனால் பாலத்தின்மேல் எந்த வண்டி நின்றுபோனாலும் நம் பட்டறைக்குத்தான் போன் பண்ண வேண்டும் என்று ஏற்பாடு பண்ணிவிட்டார் மேடம். அந்த வேலைக்குப் போகும்போது எனக்கு டோலே கிடையாது, அதற்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், சும்மா சலுகை இல்லை. பட்டறை வாசலில் இப்போது வண்டி நிறுத்த இடமில்லை, அப்பா சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை, மாத்திரையை நான் கொண்டுபோய் வாயில் போட வேண்டியிருக்கிறது, பழையபடி மனுஷனாகிவிட்டார். மிக்சியையும் சேர்த்து மாட்டிவிட்டார், முன்னைவிட நன்றாக அரைக்கிறது, அதைச் சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார் என்று சொல்லவில்லை. இரும்புக் கடைக்காரர் சொன்னபடி ஆளோடு வந்தார், டீ கொடுத்து அனுப்பினேன். போகும்போது அவருடைய லாரியில் பிரேக் சத்தம் சரியில்லை என்று அப்பா நிறுத்தி வைத்துக்கொண்டுவிட்டார், இன்னும் இங்கேதான் நிற்கிறது.

உன்னிடம் வருவதைப் பற்றி இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி. எங்களுக்கென்று ஒழித்து வைத்த அறையின் படத்தை மருமகள் அனுப்பியிருந்தாள். ஜன்னலோரம் இரண்டு கட்டில், என் முழங்காலை நினைத்துக் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு உடனே எழுந்து போய் அப்பாவிடம் காட்டினேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறேன், நல்ல பெண்ணை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன், இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும். ஆனால் அந்த அறையைக் குட்டிக்குக் கொடுத்துவிடு, வளர்கிற பிள்ளை, அதற்கு மேஜை போட இடம் வேண்டும். குட்டிக்கு லீவு விடும்போது நாங்கள் வருகிறோம், போக வர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறோம், கூடத்தில் விரித்துப் படுத்துக்கொள்கிறோம், விருந்தாளிகளுக்கு அது போதும். நீ காரில் என்ஜின் விளக்கு எரிகிறது என்று போன மாதம் சொன்னாயே, அதை மேலே ஒரு படத்தை ஒட்டி மறைத்துவிட்டாயாமே, மருமகள் சொல்லிவிட்டாள், நாளைக்கே மெக்கானிக்கிடம் காட்டு, இல்லையென்றால் நான் நாத்தனாரோடு கிளம்பி வந்து மானத்தை வாங்கிவிடுவேன். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பார்.

நீங்கள் மூன்று பேரும் நூறாயுசுக்கு நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நடந்தது நிலைத்து நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், அவர் கை முழுக்க கிரீஸ், பேனா பிடிக்க முடியாது. இன்னும் ஒன்றே ஒன்று. அறையைக் குட்டிக்குக் கொடு, கட்டிலை வேண்டுமானால் விற்றுவிடு, குளியலறையில் அந்தக் கம்பியை மட்டும் கழற்றிவிடாதே. எனக்கு அது ஒருநாள் வேண்டியிருக்கும், தெரியும். அந்த நாள் எது என்பதை நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் வண்டி ஓட்டுகிற
உன் அம்மா